சில்லறை வணிகச் செல்வமும் ஊரகப் பள்ளிகளும்: சியர்ஸ், ரோபக் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டின் இணைநல்கைத் திட்டம் (1912–1932)

ஆய்வுச்சுருக்கம்

வணிக நிறுவனங்களும் அவற்றின் தலைவர்களும் சிறுவர்க்கும் இளையோர்க்கும் செய்யும் உதவி, பெரும்பாலும் வழங்கப்பட்ட தொகையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. அத்தொகை எந்த நிபந்தனையோடு வழங்கப்பட்டது, அதனால் வேறு யார் யார் செலவழிக்க நேர்ந்தது, உருவான சொத்து யாருக்கு உரிமையானது ஆகிய வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. அமெரிக்காவின் சியர்ஸ், ரோபக் என்னும் அஞ்சல்வழிச் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், தென் மாநிலங்களின் கருப்பினச் சிறுவர்க்காக 1912 முதல் 1932 வரை நடத்திய பள்ளிக் கட்டடத் திட்டத்தை இவ்வினாக்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கொடையாளரின் பங்கு 15 விழுக்காடாக மட்டுமே இருந்த இத்திட்டத்தில் 64 விழுக்காடு பொதுநிதியிலிருந்து வந்தது. அதே வேளையில், வரி செலுத்திய கருப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளின் பள்ளிக்காக இரண்டாம் முறையும் செலுத்த நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினால்தான் திட்டத்தின் உண்மையான தன்மை விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சில்லறை வணிகம், இணைநல்கை, ஊரகக் கல்வி, இரட்டை வரி, ரோசன்வால்ட் பள்ளிகள், நிறுவனச் சமூகப் பொறுப்பு.

முன்னுரை

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வைத்துள்ளது. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை; தாம் வாழும் சமூகத்தின்பால் உள்ள கடப்பாட்டை உணர்ந்து ஒழுகுவது ஒப்புரவு. வணிகச் செல்வம் கல்விக்குச் செல்லும்போது அது ஈகையாக நின்றுவிடுகிறதா, பிறருடைய கடப்பாட்டையும் எழுப்புகிறதா என்று கேட்பதற்கு இப்பாகுபாடு உதவுகிறது. கொடை நின்றபின் பள்ளியும் நின்றுவிடுமாயின் அது ஈகையின் எல்லைக்குள் முடிந்ததாகும். கொடை நின்றபின் அரசும் ஊரும் பள்ளியைத் தொடர்ந்து நடத்துமாயின் அக்கொடை ஒரு கடப்பாட்டை நிலைநிறுத்தியதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் நடைபெற்ற ரோசன்வால்ட் பள்ளித் திட்டம் இவ்வாய்வுக்கு ஏற்ற சான்றாகும். இதன் செலவு, நன்கொடையாளர், ஊர்மக்கள், அரசு என்று தனித்தனியே கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே யார் எவ்வளவு சுமந்தனர் என்பதை ஊகமின்றி அறிய இயல்கிறது.

நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும்

ரிச்சர்ட் சியர்ஸ் 1886இல் கைக்கடிகை வணிகராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் ஆல்வா ரோபக்குடன் இணைந்து நடத்திய நிறுவனம் சியர்ஸ், ரோபக் என்று பெயர் பெற்றது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதத் துணி வணிகரின் மகனான ஜூலியஸ் ரோசன்வால்ட் (1862–1932), 1895இல் அந்நிறுவனத்தின் பங்குதாரரானார். 1908இல் அதன் தலைவரானார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே உறவினரிடம் ஆடை வணிகம் பழகச் சென்றவர் அவர்.

நிறுவனத்தின் வணிகம் கடைத்தெருவில் நடக்கவில்லை. தடித்த பொருட்பட்டியல் நூல் ஒன்று ஊரக வீடுகளுக்கு அஞ்சலில் சென்றது. அதைப் பார்த்து உழவர் குடும்பங்கள் பணம் அனுப்பிப் பொருள் பெற்றன. 1896இல் தொடங்கிய ஊரக இலவச அஞ்சல் பட்டுவாடாவும், 1913இல் தொடங்கிய அரசின் பொட்டல அஞ்சல் சேவையும் இவ்வணிகத்தை வளர்த்தன. நிறுவனம் தன் முதல் நேரடி விற்பனைக் கடையைத் திறந்தது 1925இல்தான். எனவே, இந்நிறுவனத்தைப் பொறுத்தவரை ‘வட்டாரம்’ என்பது ஒரு நகரத்தையோ தெருவையோ குறிக்கவில்லை; பொருட்பட்டியல் சென்றடைந்த நாட்டுப்புறம் முழுவதுமே அதன் வட்டாரமாக இருந்தது. உழவரின் வருவாய் உயர்ந்தால் நிறுவனத்தின் விற்பனையும் உயர்ந்தது. 1912இல் வேளாண் அலுவலரை நியமிக்க முன்வரும் 100 மாவட்டங்களுக்குத் தலா 1,000 டாலர் வழங்க நிறுவனம் முன்வந்ததை இப்பின்னணியில் காண வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது. பள்ளித் திட்டத்துக்குச் சென்றது நிறுவனத்தின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணம் அன்று; ரோசன்வால்டின் சொந்தச் செல்வமாகும். எனினும் அச்செல்வம் சியர்ஸ் பங்குகளிலேயே தங்கியிருந்தது. 1917இல் பதிவு செய்யப்பட்ட ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியமும் அப்பங்குகளையே முதலாகக் கொண்டிருந்தது. பள்ளிகளுக்குக் கிடைத்த தொகை, நாட்டுப்புற வாடிக்கையாளரிடமிருந்து திரண்ட இலாபத்தின் ஒரு பகுதி என்று கொள்வதில் தவறில்லை.

திட்டத்தின் தோற்றம்

ரோசன்வால்டின் கொடைமுறை பள்ளிகளில் தொடங்கவில்லை. இளையோருக்கான விடுதிகளிலும் பொழுதுபோக்குக் கூடங்களிலும் தொடங்கியது. கருப்பின இளைஞர்க்காகக் கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடம் எழுப்ப 75,000 டாலர் திரட்டும் எந்த நகரத்துக்கும் தாம் 25,000 டாலர் வழங்குவதாக அவர் அறிவித்தார். சிகாகோவின் வாபாஷ் நிழற்சாலைக் கட்டடம் 1913இல் அவ்வாறு திறக்கப்பட்டது. பிறர் திரட்டும் தொகையோடு இணைத்தே தம் தொகையை வழங்கும் இம்முறையை இக்கட்டுரை ‘இணைநல்கை’ என்று குறிக்கிறது.

அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி நிறுவனத்தை நடத்திவந்த கருப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை அவர் 1911இல் சந்தித்தார். அடுத்த ஆண்டே டஸ்கிகியின் அறங்காவலருள் ஒருவரானார். 1912 ஆகஸ்ட் 12ஆம் நாள் தம் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி டஸ்கிகிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் எஞ்சிய 2,800 டாலரைக் கொண்டு அருகிலுள்ள ஊர்களில் ஆறு பள்ளிகள் கட்ட வாஷிங்டன் ஒப்புதல் கேட்டார், ரோசன்வால்டும் இசைந்தார்.

அன்றைய தென் மாநிலங்களில் இனவாரியாகப் பள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்தன. 1896ஆம் ஆண்டின் பிளெசி தீர்ப்பு, சம வசதி இருப்பின் பிரித்துவைத்தல் சட்டப்படி செல்லும் என்று கூறியது. பிரிவினை நடைமுறையில் நிலைத்தது. சம வசதி நிலைக்கவில்லை. கருப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தமையால் வரிப்பணத்தைப் பங்கிடும் கல்விக் குழுக்களில் அவர்களின் குரல் ஒலிக்கவில்லை. தேவாலயங்களிலும் பழுதடைந்த ஓரறைக் குடில்களிலுமே அவர்களின் பிள்ளைகள் பயின்றனர்.

திட்டத்தின் தொடக்கத்தில் எழுந்த ஒரு கருத்து வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் சியர்ஸ் நிறுவனம் வீடு கட்டுவதற்கான பொருள்களையும் அஞ்சல்வழி விற்றுவந்தது. பள்ளிகளுக்கும் அத்தகைய பொருள்களையே பயன்படுத்தலாம் என்று ரோசன்வால்ட் எண்ணினார். உள்ளூரிலேயே மரமும் உழைப்பும் பெற்றுக் கட்டுவதை வாஷிங்டன் விரும்பினார். முடிவில் வாஷிங்டனின் வழியே பின்பற்றப்பட்டது. இதனால் பள்ளிக் கட்டடம் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாகவோ விளம்பரமாகவோ மாறவில்லை. ஊராரின் உழைப்பும் அதில் பங்காக ஏற்கப்பட்டது.

முதற்பள்ளி அலபாமாவின் லோச்சபோக்காவில் 1913இல் நிறைவுற்றது. அதன் மொத்தச் செலவு 942.50 டாலர். அதில் ரோசன்வால்ட் 300 டாலரும் அவ்வூர் வெள்ளையர் 360 டாலரும் வழங்கினர். கருப்பின மக்கள் நிலம் வாங்க 150 டாலர் திரட்டினர், 132.50 டாலர் மதிப்புள்ள உழைப்பையும் நல்கினர். இக்கணக்கில் மாநில அரசின் பங்கோ மாவட்டத்தின் பங்கோ இடம்பெறவில்லை. 1914இல் மேலும் 100 பள்ளிகளுக்காக ரோசன்வால்ட் 30,000 டாலர் வழங்க இசைந்தார். 1915இல் வாஷிங்டன் மறைந்த பின்னரும் திட்டம் டஸ்கிகியிலிருந்தே நடத்தப்பட்டது. 1920இல் அதன் தலைமையகம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்கு மாறியது.

நிபந்தனைகளும் கட்டட அமைப்பும்

நிதியத்தின் உதவியை நாடிய ஊர் சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஊர்மக்கள் பணம், நிலம், பொருள், உழைப்பு ஆகியவற்றுள் இயன்றதை முதலில் தருதல் வேண்டும். அரசின் கல்வித்துறை தன் பங்கை அளித்தல் வேண்டும். நிலமும் கட்டடமும் அரசுக் கல்வி அமைப்பின் பெயரில் எழுதப்பட்டுப் பள்ளி பொதுப்பள்ளியாக நடத்தப்படுதல் வேண்டும். குறைந்த அளவு நிலப்பரப்பு, கழிப்பிடம், இருக்கைகள், ஆண்டில் பள்ளி நடைபெறும் மாதங்கள் ஆகியவையும் வரையறுக்கப்பட்டன.

ஊர்மக்கள் தம் பங்கைத் திரட்டிய விதம் அவர்களின் பொருளாதார நிலையைக் காட்டுகிறது. பள்ளிக்கென ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி, அதில் எல்லோரும் கூடிப் பருத்தி பயிரிட்டு விற்றனர். அந்நிலத்தை ‘ரோசன்வால்ட் பாத்தி’ என்றே அழைத்தனர். பெண்கள் உணவு சமைத்து விற்றும் கோழி விற்றும் பணம் சேர்த்தனர். ஆண்கள் மரம் வெட்டினர், பலகை அறுத்தனர். அன்னா ஜீன்ஸ் நிதியத்தின் உதவியோடு பணியாற்றிய கருப்பின ஆசிரியைகள் ஊர் ஊராகச் சென்று இம்முயற்சிகளை ஒருங்கிணைத்தனர்.

கட்டட வரைபடங்களை நிதியமே ஆயத்தம் செய்து வழங்கியது. ஊரகங்களில் மின்சாரம் இல்லாமையால் வெளிச்சமே வடிவமைப்பின் அடிப்படையாயிற்று. கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ ஒளி புகுமாறு உயரமான சன்னல்கள் வரிசையாக அமைக்கப்பட்டன. எழுதும் கையின் நிழல் தாளில் விழாதவாறு மாணவரின் இடப்புறத்திலிருந்து வெளிச்சம் வரும்படி இருக்கைகள் இடப்பட்டன. வகுப்பறைகளுக்கு இடையே நகர்த்தக்கூடிய தடுப்பு அமைந்தது. அதனை விலக்கினால் ஊர்க்கூட்டம் நடத்தும் கூடம் கிடைத்தது. இவ்வரைபடங்கள் கருப்பினப் பள்ளிகளுக்காக உருவானவை எனினும் பிற ஊரகப் பள்ளிகளும் அவற்றைப் பயன்படுத்தின.

செலவுக் கணக்கு காட்டும் உண்மை

1932இல் கட்டடத் திட்டம் நிறைவுற்றபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்பயிற்சிக் கூடங்களும் எழுந்திருந்தன. இவை மொத்தம் 5,357 கட்டடங்கள். இவற்றுக்கான 2,84,08,520 டாலர் பின்வருமாறு திரட்டப்பட்டது.

பொதுநிதி (வரிப்பணம்): 1,81,04,155 டாலர் (63.7 விழுக்காடு)
கருப்பின மக்கள்: 47,25,871 டாலர் (16.6 விழுக்காடு)
ரோசன்வால்ட் தரப்பு: 43,66,519 டாலர் (15.4 விழுக்காடு)
வெள்ளையர் நன்கொடை: 12,11,975 டாலர் (4.3 விழுக்காடு)

இக்கணக்கை லோச்சபோக்கா கணக்கோடு ஒப்பிடும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவதாக, தொடக்கத்தில் இடம்பெறாத பொதுநிதி, திட்டம் முழுமையுற்றபோது மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காயிற்று. கொடையாளரின் ஒவ்வொரு டாலருடனும் நான்கு டாலருக்கும் மேற்பட்ட வரிப்பணம் கருப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. தானாக அசையாத கல்விக் குழுக்களை வெளியார் தொகை ஒன்று அசைத்தது எனலாம். இரண்டாவதாக, முதற்பள்ளியில் 38 விழுக்காடாக இருந்த வெள்ளையரின் தனி நன்கொடை, மொத்தக் கணக்கில் 4 விழுக்காடாகக் குறைந்தது. தனியாரின் இரக்கத்தைச் சார்ந்திருந்த பள்ளி அரசின் கடமையாக மாறிய போக்கை இவ்விரு மாற்றங்களும் உணர்த்துகின்றன.

மூன்றாவது செய்தி பொதுவான பாராட்டுரைகளில் மறைந்துபோவது. பள்ளிகள் கொடையாளரின் பெயரால் அறியப்பட்டாலும், கருப்பின மக்கள் தந்த தொகை அவர் தந்ததைவிட 3,59,352 டாலர் மிகுதி. சராசரியாக ஒரு கட்டடத்துக்குக் கொடையாளர் தரப்பு 815 டாலரும் கருப்பின மக்கள் 882 டாலரும் வழங்கியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் பங்குக்கு உழுதவர்கள், கூலி உழைப்பாளர்கள் என்பதைக் கருதினால் இவ்வேறுபாட்டின் பொருள் இன்னும் ஆழமாகும்.

சிறுவர்க்கும் இளையோர்க்கும் விளைந்த பயன்

பொருளியல் ஆய்வாளர்களான டேனியல் ஆரன்சனும் பாஷ்கர் மஜும்தரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளையும் இரண்டாம் உலகப்போர்ப் படைச்சேர்க்கைப் பதிவுகளையும் கொண்டு இத்திட்டத்தின் விளைவுகளை அளந்து 2011இல் வெளியிட்டனர். தென் மாநில ஊரகக் கருப்பினப் பள்ளி வயதினருள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர்க்கு இப்பள்ளிகளில் இடம் இருந்தது என்று அவர்கள் மதிப்பிட்டனர். பள்ளி வருகை, எழுத்தறிவு, பயின்ற ஆண்டுகள், அறிதிறன் தேர்வு மதிப்பெண்கள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க உயர்வும், வட மாநிலங்களுக்குக் குடிபெயர்தலில் பெருக்கமும் காணப்பட்டதை அவ்வாய்வு நிறுவியது. கட்டடம் என்னும் ஒற்றை உள்ளீடு ஒரு தலைமுறையின் கற்றலையும் இடப்பெயர்ச்சியையும் மாற்றியது என்பது இதன் பொருளாகும். பின்னாளில் குடியுரிமை இயக்கத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜான் லூயிசும், எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் ரோசன்வால்ட் பள்ளிகளில் பயின்றவர்களே.

1928இல் எட்வின் எம்ப்ரீயின் தலைமையில் நிதியம் சீரமைக்கப்பட்டது. அதன்பின் நூலகம், உடல்நலம், உயர்கல்வி ஆகியவற்றுக்கும் உதவி விரிந்தது. ஆராய்ச்சியாளர்க்கும் கலைஞர்க்கும் வழங்கப்பட்ட நல்கைகளைப் பெற்றோருள் பாடகி மேரியன் ஆண்டர்சன், எழுத்தாளர்கள் லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் எலிசன், ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ், ஒளிப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் ஆகியோர் அடங்குவர்.

திறனாய்வு: இரட்டை வரியும் சொத்துரிமையும்

கல்வி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1988இல் வெளியான தம் நூலில் இம்முறையை ‘இரட்டை வரி’ என்னும் கருத்தால் விளக்கினார். கருப்பின மக்கள் முதலில் வரி செலுத்தினர். அவ்வரியின் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குச் சென்றது. பின்னர், தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதற்காக மீண்டும் பணமும் நிலமும் உழைப்பும் தந்தனர். வெள்ளையர்க்கு உரிமையாகக் கிடைத்த பொதுப்பள்ளி, கருப்பினத்தவர்க்கு விலை கொடுத்துப் பெறும் பொருளாயிற்று. இணைநல்கை அவ்விலையைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை.

நிபந்தனைகளுள் ஒன்றான சொத்து மாற்றமும் இரு முகங்கள் உடையது. பள்ளி அரசின் பெயரில் இருந்தமையால் ஆசிரியர் ஊதியமும் பராமரிப்பும் அரசின் பொறுப்பாயின. ஆனால் ஊர்மக்கள் வாங்கிய நிலமும் எழுப்பிய கட்டடமும் அவர்களுக்குப் பங்கில்லாத கல்விக் குழுவின் உடைமையாயின. 1954ஆம் ஆண்டின் பிரவுன் தீர்ப்பு பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. அதனைத் தொடர்ந்து பள்ளிகள் படிப்படியாக ஒன்றிணைக்கப்பட்டபோது பல கட்டடங்கள் மூடப்பட்டன, விற்கப்பட்டன, கைவிடப்பட்டன. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2002இல் இப்பள்ளிகளை அழிவின் விளிம்பிலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

மேலும், இத்திட்டம் பிரிவினையை எதிர்க்கவில்லை. அதன் எல்லைக்குள் நின்றே செயற்பட்டது. அரசின் இசைவும் வெள்ளையர் குழுக்களின் ஒத்துழைப்பும் வேண்டியிருந்தமையால் வேறு வழி எளிதாக இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும், பிரித்துவைக்கப்பட்ட பள்ளியைச் சிறந்த பள்ளியாக்குவதும் பிரிவினையை நீக்குவதும் வெவ்வேறு பணிகள். திட்டம் முதற்பணியை மட்டுமே மேற்கொண்டது.

பிற்காலத்தில் சில்லறை வணிகத்தில் பரவிய உதவி முறைகளோடு ஒப்பிடுவதும் பயனுடையது. பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் 1992இல் தொடங்கிய ‘பள்ளிகளுக்குக் கணினிகள்’ திட்டத்தில், வாடிக்கையாளர் வாங்கிய பொருளின் மதிப்புக்கேற்பச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பள்ளிகள் அவற்றைத் திரட்டிக் கொடுத்துக் கணினிக் கருவிகளைப் பெற்றன. அங்குப் பெற்றோரின் வாங்கும் ஆற்றல் பள்ளியின் பங்கைப் பாதித்தது. ரோசன்வால்ட் திட்டத்தில் ஊரின் திரட்டும் ஆற்றல் பாதித்தது. எதையும் திரட்ட இயலாத ஊர் இரண்டிலுமே பின்தங்கும். ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விற்பனைச் சீட்டு வாடிக்கையாளரை மீண்டும் கடைக்கு அழைத்தது. இணைநல்கை கல்விக் குழுவைப் பள்ளிக்கு அழைத்தது.

முடிவுரை

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் சியர்ஸ் பங்குகளின் மதிப்புச் சரிந்து நிதியத்தின் முதலும் சுருங்கியது. வணிகச் செல்வத்தைச் சார்ந்த உதவி, வணிகத்தின் ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டது என்பதற்கு இது சான்றாகும். என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் அறக்கட்டளைகளை ரோசன்வால்ட் ஏற்கவில்லை. தம் மறைவுக்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவிட்டு முடிக்க வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். அதன்படி 1948இல் நிதியம் மூடப்பட்டது. கட்டட உதவி 1932இலேயே நின்றுவிட்டது. எனினும் பள்ளிகள் மூடப்படவில்லை. பொதுப்பள்ளிகளாகத் தொடர்ந்து இயங்கின. அவற்றுள் பல, 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னரும் நடைபெற்றன. இதுவே ஈகையைக் கடந்து கடப்பாட்டை நிலைநிறுத்திய பகுதியாகும்.

இவ்வாய்வின் வழி, வணிகச் செல்வம் சிறுவர்க்கும் இளையோர்க்கும் செய்யும் உதவியை மதிப்பிட நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. உதவித்தொகை பொதுநிதியை வரவழைக்கிறதா, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்பது முதலாவது. ஊர்மக்களின் பங்களிப்பு என்று பதிவாவது விருப்பத்தால் தந்ததா, உரிமை மறுக்கப்பட்டதால் செலுத்த நேர்ந்ததா என்பது இரண்டாவது. உருவாகும் சொத்தில் அதை உருவாக்கியவர்க்கு உரிமையும் நிருவாகத்தில் இடமும் உண்டா என்பது மூன்றாவது. கொடை நின்றபின் எது எஞ்சுகிறது என்பது நான்காவது. முதல், நான்காம் அளவுகோல்களில் ரோசன்வால்ட் திட்டம் பெருவெற்றி பெற்றது. இரண்டாம், மூன்றாம் அளவுகோல்களில் கருப்பின மக்களுக்கு உரியதை அது தரவில்லை. கொடையாளரின் பெயர் தாங்கிய அக்கட்டடங்களில் அவரினும் மிகுதியாகச் செலுத்தியோர் அவ்வூர்ப் பெற்றோர் என்பதைக் கணக்கேடு காட்டுகிறது. நிறுவனச் சமூகப் பொறுப்பைப் பற்றிய ஆய்வுகள் வழங்கியவரின் அறிக்கையோடு நில்லாமல், பெற்றவர் செலுத்தியதையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.